நகபானன் முகமும் சாதகர்ணியின் மலையும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அழைப்பிதழில் 'அரிய பழங்கால வெள்ளி நாணயங்களும் அவற்றின் சின்னங்களும்' என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தலைப்புக்கு ஒரு வாரம் பேசினாலும் போதாது. ஏதென்ஸின் ஆந்தைக் காசு முதல் நம் கரூர் மாக்கோதைக் காசு வரை அதில் அடங்கும். ஆகவே ஒரு புதையலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது எங்கெல்லாம் இழுத்துப் போகிறதோ அங்கெல்லாம் போவோம்.

1906ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தில் நாசிக் நகருக்கு அருகே ஜோகல்தெம்பி என்ற சிற்றூரில் ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. சுமார் 13,250 காசுகள். ஒவ்வொன்றும் விட்டத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, எடையில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அத்தனையும் நகபானன் என்ற சக மன்னன் வெளியிட்டவை. குஜராத்தையும் மகாராட்டிரத்தின் மேற்குப் பகுதியையும் ஆண்ட க்ஷஹராத குலத்தவன் அவன். கி.பி. முதல் நூற்றாண்டு என்பார்கள் சிலர், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பார்கள் சிலர். இன்றைக்கு அந்த வழக்கில் நாம் நுழைய வேண்டாம்.

அந்தக் காசுகளில் 9,000க்கும் மேற்பட்டவற்றின் மேல் இன்னொரு மன்னனின் அச்சு விழுந்திருக்கிறது. அவன் நகபானனை வென்ற சாதவாகன அரசன், கௌதமிபுத்திர சாதகர்ணி. தோற்றவனின் காசை எடுத்து, உருக்காமல், அதன் மேலேயே தன் சின்னத்தை அடித்திருக்கிறான். மிச்சமுள்ள சுமார் நாலாயிரம் காசுகள் நகபானன் அடித்தது அடித்தபடியே இருக்கின்றன. இரண்டு வகையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. புதைத்தவருக்கு இதுவும் வெள்ளி, அதுவும் வெள்ளி.

சின்னங்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. சூரியன் என்றால் இது, மலை என்றால் அது, காளை என்றால் மற்றொன்று என்று நேருக்கு நேராக எழுதிவிடுவார்கள். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை குறைவு. வளைவுகளை அடுக்கி வரைந்த மலை மௌரியர் கால முத்திரைக் காசிலும் இருக்கிறது. சாதவாகனர் காசிலும் இருக்கிறது. சாதவாகனரோடு தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்ட சத்ரபர், அதாவது மேற்கை ஆண்ட சக மன்னர்கள், அவர்கள் காசிலும் அதே மலை வந்து உட்கார்ந்திருக்கிறது. மூவருக்கும் அது ஒன்றையேவா சொல்லியிருக்கும்? ஆட்சி மாறும்போது புதியவன் காசில் எதை மாற்றினான், எதைத் தொடாமல் விட்டான் என்று பார்த்தால்தான் சின்னத்தின் பொருள் பிடிபடும் என்பது என் கட்சி. அதற்கு ஜோகல்தெம்பியைவிட நல்ல சாட்சி இந்தியாவில் கிடையாது.

முதலில் நகபானனின் மூலக் காசைப் பார்ப்போம். முன்புறத்தில் வலப்பக்கம் நோக்கிய மன்னன் தலை. அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள். படித்துப் பார்த்தால் மொழி கிரேக்கம் இல்லை, பிராகிருதம். ராஜா க்ஷஹராத நகபானன் என்ற பெயரும் பட்டமும் கிரேக்க லிபியில் எழுதப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். பின்புறத்தில் ஓர் அம்பும் ஒரு வஜ்ராயுதமும். அவற்றைச் சுற்றி அதே பெயர் பிராமியில் ஒரு முறை, வலமிருந்து இடமாக எழுதும் கரோஷ்டியில் ஒரு முறை. ஒன்றரை சென்டிமீட்டர் வெள்ளியில் ஒரே பெயர் மூன்று லிபிகளில்!

இவ்வளவு சிரமம் எதற்கு? பெரிப்ளூஸ் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் கிரேக்கக் கடல்வழி நூல் இதற்குத் துப்புக் கொடுக்கிறது. பரிகாசா என்ற இன்றைய பரூச் துறைமுகத்தில், அப்பொலொதோதஸ், மெனாந்தர் ஆகிய இந்தோ-கிரேக்க மன்னர்களின் பழைய திரம்மா வெள்ளிக் காசுகள் அப்போதும் செலாவணியில் இருந்ததாக அது சொல்கிறது. அந்த மன்னர்கள் மறைந்து தலைமுறைகள் பல கடந்திருந்தன. அவர்கள் காசுகள் மட்டும் சந்தையில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, இன்னொரு பக்கம் கரோஷ்டி. எடையும் கிட்டத்தட்ட நகபானன் காசின் எடையே. பரூச் வணிகர் எந்த மாதிரி வெள்ளியைக் கண்டால் கேள்வி கேட்காமல் வாங்குவார்களோ, அந்த மாதிரியையே நகபானன் எடுத்துக்கொண்டான் என்பது இதிலிருந்து தெரிகிறது. கிரேக்க எழுத்தை அந்த ஊரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? படிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அது அங்கே இருந்தால் போதும்.

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதையலை ஆராய்ந்து எழுதிய ஸ்காட் என்ற பாதிரியார் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நகபானன் என்ற ஒரே பெயரின் கீழ் இளைஞனும் இருக்கிறான், கிழவனும் இருக்கிறான். மூக்கு ஒரு காசில் நேர், இன்னொன்றில் வளைவு. ஒரே ஆளின் படங்கள் இப்படி மாற முடியாது, அந்தக் குடும்பத்தார் பலரின் முகங்கள் ஒரே பெயரில் வந்திருக்கலாம் என்று கருதினார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். காசுக்கு ஒரு தலை வேண்டும், அது வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் அச்சு வெட்டியவருக்கு இடப்பட்ட கட்டளையாக இருந்திருக்கும். மன்னனை அவர் நேரில் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இனி சாதகர்ணியின் வேலை. பழைய காசைக் கீழச்சுக்கும் மேலச்சுக்கும் நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓர் அடி. ஒரு பக்கம் மூன்று வளைவுகளால் ஆன மலை, அதன் கீழே நெளியும் கோடு, சுற்றிலும் கௌதமி மகன் ஸ்ரீ சாதகர்ணியின் காசு என்று பிராமியில் எழுத்து. மறுபக்கம், ஒரு கூட்டல் குறியின் நான்கு முனைகளிலும் நான்கு வட்டங்கள். இதை உஜ்ஜயினிச் சின்னம் என்று நாணயவியலார் அழைக்கிறார்கள். மேலச்சு விழுந்த பிறகும் அடியில் நகபானன் தெரிகிறான். சில காசுகளில் மலைக்குப் பின்னாலிருந்து அவன் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் கிரேக்க எழுத்துகள் பாதி வட்டம் பிழைத்திருக்கின்றன.

இங்கே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய வெள்ளிக் காசு இருந்தால் தயவுசெய்து விபூதி போட்டுத் துலக்காதீர்கள். இப்படி மேலச்சு விழுந்த காசில் அடி உரு எஞ்சியிருப்பது மயிரிழை உயரத்துக்குத்தான். நாலு தேய்ப்பில் அது போய்விடும். காசு பளபளக்கும், அதன் பாதி வரலாறு துணியோடு வந்துவிடும். அடி உருவே தெரியாத அளவுக்குப் பளபளப்பாக ஒன்றைக் கொண்டுவந்து யாராவது உங்களிடம் விற்றால், அதன் விளிம்பில் வார்ப்புத் தையல் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

போரைப் பற்றி நாசிக் குகைக் கல்வெட்டு என்ன சொல்கிறது? சாதகர்ணியின் தாய் கௌதமி பாலஸ்ரீ, தன் பேரன் புலுமாவியின் 19ஆம் ஆட்சியாண்டில் வெட்டுவித்தது அது. தன் மகன் க்ஷஹராத வம்சத்தை மிச்சம் வைக்காமல் அழித்தான் என்கிறாள். அவன் படைக் குதிரைகள் மூன்று கடல் நீரையும் குடித்தன என்கிறாள். கல்லில் அப்படி. வெள்ளியில் க்ஷஹராதன் முகம் மலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாயின் பெருமிதம் வேறு, அரசின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கு என்ன என்பதற்கு அதே நாசிக் மலையில் இன்னொரு குகை விடை வைத்திருக்கிறது. அறக்கட்டளைச் சொற்பொழிவில் அதைச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் அதுவும் ஓர் அறக்கட்டளைதான். நகபானனின் மருமகன் உஷவதாதன், 42ஆம் ஆண்டில், பிக்குகளுக்காக 3,000 கார்ஷாபணங்களைக் கோவர்த்தனம் என்ற ஊரின் நெசவாளர் சங்கங்களில் வைப்பாக வைத்தான். 2,000 ஒரு சங்கத்தில், மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. 1,000 இன்னொரு சங்கத்தில், நூற்றுக்கு முக்கால். நம் ஊர்ப் பேச்சில் ஒரு வட்டி, முக்கால் வட்டி. முதலைத் தொடக் கூடாது, வட்டியை மட்டும் அனுபவிக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் குகையில் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 கார்ஷாபணம் துணிச் செலவுக்கு. 2,000க்கு ஒரு வட்டி என்றால் மாதம் 20, ஆண்டுக்கு 240. இருபதைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் 240. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ஏற்பாடு ஊர்ச் சபையில் வாசிக்கப்பட்டு, பலகையில் பதியப்பட்டது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஆவணப் பதிவு வரைக்கும் எல்லாம் இருக்கிறது!

இங்கே சொல்லப்படும் கார்ஷாபணம் நகபானனின் இந்த வெள்ளிக் காசுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. 35 கார்ஷாபணம் ஒரு பொன்னுக்குச் சமம் என்ற மாற்று விகிதமும் அதே கல்வெட்டில் உண்டு. இப்போது சாதகர்ணியின் இடத்தில் நின்று பாருங்கள். நாட்டைப் பிடித்தாயிற்று. நெசவாளர் சங்கத்தில் முதலாகக் கிடப்பது எதிரியின் காசு. வட்டியாக வருவது எதிரியின் காசு. சந்தையில் உப்பு வாங்குகிறவள் முந்தானையில் முடிந்திருப்பதும் அதே காசு. இது செல்லாது என்று ஒரு பறை அறைந்தால் குகையில் இருக்கும் பிக்குவுக்குத் துணி இல்லை, நெசவாளருக்கு நூல் வாங்கப் பணம் இல்லை. எல்லாவற்றையும் வாங்கி உருக்கலாம். உருக்குவதற்கு விறகு வேண்டும், ஆள் வேண்டும், காலம் வேண்டும், சேதாரமும் போகும். ஒரு சம்மட்டி அடி இவை எல்லாவற்றையும்விட மலிவு. அடித்த காசும் செல்லும், அடிக்காத காசும் செல்லும் என்று இருந்ததற்கு அந்த நாலாயிரம் காசுகள் சாட்சி.

நிலத்திலும் அவன் இதையேதான் செய்தான். சாதகர்ணியின் 18ஆம் ஆண்டுக் கல்வெட்டில், வெற்றிப் பாசறையிலிருந்து ஓர் ஆணை போகிறது. அதுவரை உஷவதாதன் அனுபவித்துவந்த 200 நிவர்த்தன நிலத்தைத் துறவிகளுக்குக் கொடுக்கிறான். பழைய உடைமையாளனின் பெயரை மறைக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால்தான் எந்த நிலம் என்று ஊருக்குத் தெரியும். கீழே நகபானன், மேலே சாதகர்ணி என்ற அதே அச்சு முறைதான் இங்கே நிலத்தில்.

சரி, மலை எதைக் குறிக்கிறது? பழைய நாணயவியலார் அதைச் சைத்தியம், அதாவது பௌத்தத் தூபி என்றார்கள். அந்தப் பெயர் இன்னும் பட்டியல்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு வந்தவர்கள் மலை என்றார்கள், மேரு என்றார்கள். கீழே நெளியும் கோட்டை ஆறு என்பார்கள் சிலர், பாம்பு என்பார்கள் சிலர். எனக்கு மலையும் ஆறும்தான் சரியென்று படுகிறது. பாலஸ்ரீயின் கல்வெட்டு தன் மகனை விந்தியம், சஹ்யம், மலயம், மகேந்திரம் என்று மலைகளை வரிசையாக அடுக்கி அவற்றின் தலைவன் என்கிறது. கடற்கரைக்கும் தக்காணத்துக்கும் நடுவே நிற்பது சஹ்யம், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் கணவாய்களைக் கைப்பற்றுவதற்காகத்தான் இந்த இரண்டு குலங்களும் அடித்துக்கொண்டன. வணிகச் சரக்கு அந்த வழியாகத்தான் துறைமுகத்துக்கு இறங்க வேண்டும். மலையை யார் பிடிக்கிறாரோ அவர் சுங்கத்தைப் பிடிக்கிறார். வேதாந்தமாகப் பார்க்காமல் நிலப்படமாகப் பார்த்தால் அந்தச் சின்னம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

சாதகர்ணியின் வழிவந்தவர்கள் அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். சாதவாகனர் காசுகள் பெரும்பாலும் செம்பும் ஈயமும்தான். எதிரியின் நாட்டைப் பிடித்ததும் எதிரியின் மாதிரியிலேயே முகம் பொறித்த வெள்ளிக் காசுகளை வெளியிடத் தொடங்கினார்கள். இவை அரியவை. முன்புறம் மன்னன் தலை, சுற்றிலும் பிராகிருதத்தில் பெயர். பின்புறம் மலையும் உஜ்ஜயினிச் சின்னமும் பக்கம் பக்கமாக. அவற்றைச் சுற்றி இன்னோர் எழுத்துவரிசை. இதுதான் நம் காதில் விழ வேண்டிய இடம்.

வாசிஷ்டிபுத்திர புலுமாவியின் காசில் அந்த வரிசை 'அரஹணகு வாஹிட்டி மாகணகு திரு புளுமாவிகு' என்று போகிறது. அரசனுக்கு, வாசிட்டி மகனுக்கு, திரு புளுமாவிக்கு. இது தமிழே என்று வாதாடியவர் இரா. நாகசாமி. ஆதித் தெலுங்கு என்பாரும் உண்டு, வட்டாரப் பிராகிருதம் என்பாரும் உண்டு. ஸ்ரீ என்று முன்புறத்தில் இருப்பது பின்புறத்தில் திரு என்று ஆவதையும், மகன் என்ற சொல்லையும், கு என்ற நான்காம் வேற்றுமையையும் வைத்துக்கொண்டு இதைத் திராவிட மொழி இல்லை என்று சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும். அதே நேரத்தில், சாதவாகனர் தமிழ் பேசினார்கள் என்று நாளைக்கே மேடையேறிவிடாதீர்கள். தங்கள் ஆட்சியில் இந்த மொழி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கைக்கும் இந்தக் காசு போக வேண்டும் என்று அச்சு வெட்டச் சொன்னவர் நினைத்தார். அதுவரைதான் காசு சொல்கிறது. அதுவே பெரிய செய்தி. நகபானன் மூன்று லிபிகளில் ஒரே மொழியை எழுதினான். இவர்கள் ஒரே லிபியில் இரண்டு மொழிகளை எழுதினார்கள். கிரேக்கமும் கரோஷ்டியும் இருந்த இடத்தில் தெற்கத்திப் பேச்சு வந்து உட்கார்ந்தது.

இந்த வகையில் பிற்காலச் சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காசுகள்தான் ஓரளவு கிடைக்கின்றன. 1882இல் பகவான்லால் இந்திரஜி சோபாராவில் ஒரு தூபியைத் திறந்தபோது, சிறு புத்தர் உருவங்களோடு பேழைக்குள் யக்ஞஸ்ரீயின் வெள்ளிக் காசு ஒன்றும் இருந்தது. பிறகு, வாசிஷ்டிபுத்திர சாதகர்ணி என்ற இன்னொரு சாதவாகன மன்னனின் காசிலும் இதே 'வாஹிட்டி மாகண' உண்டு. கன்ஹேரி குகையில் சிதைந்துபோன கல்வெட்டு ஒன்று அவன் மனைவியை மகாசத்ரபன் ஒருவனின் மகள் என்கிறது. சத்ரபன் பெயரில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது ருத்ரதாமன் என்பதே பொதுவான முடிவு. ருத்ரதாமனின் ஜூனாகட் கல்வெட்டோ, தட்சிணாபதத்தின் தலைவனான சாதகர்ணியை இரண்டு முறை தோற்கடித்தும் நெருங்கிய உறவு காரணமாக ஒழித்துவிடாமல் விட்டதாகச் சொல்கிறது. மாமனார் முறையில் இருப்பவரின் நாணய மாதிரியில் தாயின் பெயரையும் தெற்கத்தி மொழியையும் பொறித்து வெளியிட்டிருக்கிறான் மாப்பிள்ளை. குடும்பத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ!

நம் பக்கத்து மாக்கோதையையும் ஓரிரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்து, இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட சேரர் வெள்ளிக் காசு அது. தலையுருவமும் அதன் மேலே தமிழ்ப் பிராமியில் பெயரும் இருக்கும். அதற்கு மாதிரி கொங்கு நாட்டில் குவிந்து கிடந்த ரோமானியக் காசு. பரூச்சில் செய்ததையே கரூரிலும் செய்தார்கள், கையில் புழங்கிய காசு வேறாக இருந்தது.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருவோம். நகபானனுக்குப் பின் மேற்கில் எழுந்தவன் சஷ்டனன், வேறொரு சத்ரபக் குடும்பம். அவன் காசில் முகமும் கிரேக்க எழுத்தும் அப்படியே. பின்புறத்தில் அம்பையும் வஜ்ராயுதத்தையும் காணோம். முதலில் பிறையும் விண்மீனும் வந்தன. பிறகு அவற்றுக்கு நடுவில் ஒரு மலை வந்தது. சாதவாகனன் நகபானன் தலைமேல் அடித்த அதே மூன்று வளைவு மலை, கீழே அதே நெளிகோடு. சகர்களிடமிருந்து சாதவாகனர் முகத்தை எடுத்தார்கள் என்றால், சாதவாகனரிடமிருந்து சகர்கள் மலையை எடுத்தார்கள். சின்னங்களுக்கு நேருக்கு நேர் பொருள் சொல்லும் அகராதி இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது. பௌத்தத் தூபி என்றால் அது எப்படி இங்கே வந்தது, மேரு என்றால் ஏன் இப்போது வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. மேலச்சு விழுந்த ஆயிரக்கணக்கான காசுகள் கைக்குக் கை மாறி, மலை போட்ட வெள்ளி நல்ல வெள்ளி என்று ஊர் பழகியிருந்தது என்பது போதுமான விடை.

அதன்பின் கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதி வரை சத்ரபர் காசின் அமைப்பு அசையவில்லை. கரோஷ்டி சஷ்டனனோடு நின்றது. கிரேக்க எழுத்து நிற்கவில்லை, ஆனால் எழுத்தாகவும் இல்லை. ஒவ்வொரு தலைமுறை அச்சுக்காரரும் முந்தைய காசைப் பார்த்து வெட்டி வெட்டி, கடைசியில் அது கோடும் வட்டமுமாக விளிம்பு அலங்காரம் ஆகிவிட்டது.

ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியிலிருந்து, தலைக்குப் பின்னால் சக ஆண்டு பிராமி எண்களில் பொறிக்கப்பட்டது. பின்புற எழுத்தில் தகப்பன் பெயர், மகன் பெயர், இருவரின் பட்டங்கள். பண்டைய இந்தியாவில் வேறெந்தக் குலத்துக்கும் இப்படி ஆண்டும் பரம்பரையும் சேர்ந்த நாணயத் தொடர் கிடையாது. ராப்சன் 1908இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகத் தொகுத்த பட்டியலில் இவற்றை அடுக்கியபோது, அரியணை அந்தக் குடும்பத்தில் தகப்பனிடமிருந்து மகனுக்கு நேராகப் போகவில்லை, அண்ணனிடமிருந்து தம்பிகளுக்குப் போய்ப் பிறகுதான் அடுத்த தலைமுறைக்கு இறங்கியது என்பது வெளிப்பட்டது. எந்தப் புராணமும் சொல்லாத செய்தி. அரைக் கடுகு அளவு எண்களிலிருந்து வந்தது. அச்சு ஓரமாக விழுந்து எண்ணில் பாதி காசுக்கு வெளியே போய்விட்டால் ஆராய்ச்சியாளர் படும் பாடு தனி.

சத்ரபரை ஒழித்தவன் இரண்டாம் சந்திரகுப்தன். பொற்காசுகளில் வில்லோடும் சிங்கத்தோடும் தன்னை விதவிதமாகக் காட்டிக்கொண்ட குப்த வம்சத்தவன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கில் வெள்ளிக் காசு அடிக்கும்போது அந்த ஆடம்பரம் எதுவும் இல்லை. அதே அளவு, அதே எடை, வலப்பக்கம் பார்க்கும் அதே தலை, அதே சிதைந்த கிரேக்கக் கீறல்கள். பின்புறத்தில் மலையை எடுத்துவிட்டுக் கருடனை வைத்தான். மலையோடு இருந்த விண்மீன் கூட்டத்தைக் கருடனோடும் அப்படியே விட்டுவைத்தான். மகன் குமாரகுப்தன் கங்கைச் சமவெளிக்கு அடித்த வெள்ளியில் கருடனுக்குப் பதில் மயில் தோகை விரித்தது. மேற்குப் பகுதிக்கு மட்டும் கருடனே தொடர்ந்தது. அங்கே இருப்பவர்களின் பழக்கத்தைக் குலைக்க அவனும் விரும்பவில்லை போலும்.

தெற்கு குஜராத்திலும் நாசிக் பக்கத்திலும் ஆண்ட திரைகூடகர்கள் மறுபடியும் மலையையே எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் நூற்றாண்டில் களசூரி மன்னன் கிருஷ்ணராஜன் மலையை நீக்கி நந்தியை உட்கார வைத்தான். மறுபுறத்தில் தலை மட்டும் இன்னும் வலப்பக்கம்தான் பார்க்கிறது. கி.பி. 710ஆம் ஆண்டு அஞ்சனேரிச் செப்பேட்டில் கிருஷ்ணராஜ ரூபகம் என்ற காசின் பெயர் வருகிறது. அவன் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு அருகில் ஆகிவிட்டது. நாடு சாளுக்கியருக்குக் கீழ்ப்பட்டவர்கள் கையில் இருந்தது. கணக்கு மட்டும் அவன் காசில் நடந்துகொண்டிருந்தது.